நண்பனின் கையெழுத்துப் பிரதியும் என்னுடைய 11 கடிதங்களும்

நாலு நோட்டு. ஒவ்வொன்றும் 200 பக்கம், கோடு போட்ட லாங் சைஸ். முதல் மூன்றில் நீல மை, நாலாவதில் பாதிக்கு மேல் கறுப்பு. என் நண்பன் எழுதிய நாவல். தலைப்பு இன்னும் வைக்கவில்லை. மூன்று வருஷமாக ஒவ்வொரு நோட்டு முடிந்ததும் ஓசூரிலிருந்து எனக்குத் தபாலில் வரும். நான் படித்துவிட்டுக் கடிதம் எழுதுவேன். அவன் பதில் போடுவான். ரெண்டு பேரிடமும் செல்போன் இருக்கிறது. பேசிக்கொள்கிறோம், சண்டை போடுகிறோம், ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் சேர்க்கிறோம். ஆனால் நாவலைப் பற்றி மட்டும் போனில் பேசக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். "போன்ல நல்லா கீதுன்னு சொல்லிட்டு வெச்சிடுவ. எழுதுனா கொஞ்சம் யோசிப்ப" என்றான்.

யோசித்துத்தான் எழுதினேன். 11 கடிதங்கள். அத்தனையும் பாராட்டு. போன மாசம் அவனிடமிருந்து வந்த பதிலில் சில வரிகள்தான் இருந்தன: "உன் கடிதாசி மொத்தத்தையும் மறுபடி படிச்சேன். நல்லாத்தான் எழுதிக்கீற. இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? எம் பொஸ்தகத்த படிச்ச ஒரே ஆளு நீ. நீ படிச்சதுன்றதும் எனக்கு மட்டும்தான் தெரியும்."

ஒரு வாரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அச்சில் வராத ஒரு தலித் எழுத்தைத் தனியாகப் படித்து, தனியாக ரசித்து, தனியாகப் பாராட்டிக் கடிதம் போட்டுக்கொண்டிருப்பது என்ன வகையான காரியம்? தோழமையா, அல்லது அந்த எழுத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பதற்கு நாமும் ஒரு கை கொடுப்பதா? இதைத்தான் இங்கே கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த நோட்டுகளை நான் படித்தது குன்றத்தூரில். மலைமேல் முருகன், கீழே சேக்கிழார். ஊரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, அவர் கட்டினதாகச் சொல்லும் திருநாகேசுவரம் கோயில் இருக்கிறது. எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இந்த ஊரில் நந்தன் ஞாபகம் வராமல் போகாது. சுந்தரர் நந்தனை ஒரு பெயராகச் சொல்லிவிட்டுப் போகிறார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டு சேர்க்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எங்கள் ஊர்க்காரர்தான் அதைக் கதையாக விரித்தார். ஆதனூர்ச் சேரியை அவர் காட்டுகிற இடம் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும். காய்கிற தோல், கோழிக்குஞ்சு, நாய்க்குட்டி, குழந்தைகள் எல்லாம் உண்டு. ஒரு சோழ மந்திரிக்கு இவ்வளவு கூர்மையான பார்வை எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அப்படிப் பார்த்தவரே கடைசியில் நந்தனைத் தீக்குள் இறக்கி, பூணூலோடு வெளியே கொண்டுவருகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி வந்து கதைக்குள் ஒரு பிராமணப் பண்ணையாரையும் உட்காரவைத்தார். நந்தனைப் பற்றி எழுதினவர்கள் வரிசை இப்படி நீளமாகப் போகிறது. நந்தன் எழுதினதாக ஓர் ஓலை நறுக்கு கிடையாது. எழுதியிருந்தாலும் அதை யாருக்கு அனுப்பியிருப்பான்? யார் வாங்கி வைத்திருப்பார்கள்?

வாங்கி வைப்பது என்பது சின்ன விஷயம் இல்லை. தமிழில் எழுத்தாளர் கடிதம் என்றதும் எல்லோரும் இடைசெவல் பக்கம் போவார்கள். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் 1923 செப்டம்பரில் அந்த ஒரே ஊரில் பிறந்தவர்கள். ஒருவர் சென்னைக்கும் மலேயாவுக்கும் போனார், மற்றவர் ஊரில் விவசாயம் பார்த்தார். அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்து, 1970இல் நண்பர் இறந்தபிறகு புத்தகமாகக் கொண்டுவந்தார். அருமையான காரியம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கடிதம் வைத்திருக்க ஒரு டிரங்குப் பெட்டி வேண்டும், ஒழுகாத கூரை வேண்டும், பல வருஷம் மாறாத ஒரே விலாசம் வேண்டும். எங்கள் அப்பாவுக்கு வந்த கடிதம் என்று எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. மழைக்குக் கூரை பிரித்தபோது போனது எது, கரையான் தின்றது எது என்று கேட்கவும் ஆள் இல்லை. தலித் எழுத்துக்கு ஆவணம் இல்லை என்று பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வருத்தப்படுகிறவர்கள் முதலில் கூரையைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி கே. டானியல். என் நண்பனுடைய கேள்வியை நான் எடுத்துக்கொண்டு போனது அவரிடம்தான்.

யாழ்ப்பாணம் ஆனைக்கோட்டையில் சலவைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவர். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1966 அக்டோபர் 21 எழுச்சியை அடுத்து உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் முன்னணி ஆள். தேநீர்க்கடையில் சமமாக உட்காருவதற்கும், பொதுக்கிணற்றில் தண்ணீர் அள்ளுவதற்கும், மாவிட்டபுரம் கோயிலுக்குள் போவதற்கும் நடந்த போராட்டங்களின் உள்ளே நின்றவர். 'பஞ்சமர்' 1972இல் வந்தது. அந்தப் போராட்டத்தின் சூடு அடங்குவதற்கு முன்பே எழுதப்பட்ட நாவல். அதற்கும் முன்னால், 1960களிலேயே, அவரும் அவருடைய தோழர்களும் சாதாரண சனங்களின் பேச்சைக் கதையில் எழுதினபோது பண்டிதர்கள் அதற்கு 'இழிசனர் வழக்கு' என்று பேர் வைத்தார்கள். பேரிலேயே சாதி இருந்தது, மறைக்கவும் முயற்சி செய்யவில்லை.

டானியலுக்குத் தஞ்சாவூரில் ஒரு நண்பர் கிடைத்தார். அ. மார்க்ஸ். பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற கல்லூரி ஆசிரியர். 1990களில் 'நிறப்பிரிகை' வழியாகத் தலித் இலக்கிய விவாதத்தில் பெரிதாகப் பேசப்பட்டவர். ஆனால் நான் சொல்வது அதற்கு முந்தின காலம், 1980களின் முதல் பாதி. அம்பேத்கர் நூற்றாண்டு இன்னும் வரவில்லை. 'தலித் இலக்கியம்' என்கிற சொல் தமிழ்ப் பத்திரிகைகளில் புழங்கத் தொடங்கவில்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல்தான் வரப்போகிறது. அந்தச் சூழலில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பஞ்சம எழுத்தாளர் கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு வாசகருக்குக் கடிதம் எழுதுகிறார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து 97,000 புத்தகங்கள் சாம்பலாயிருக்கின்றன. 1983க்குப் பிறகு யுத்தம். அந்த ஊரில் ஒரு வீட்டில் இருந்த காகிதம் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாத காலம். தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்த கடிதங்கள் பிழைத்துக்கொண்டன. டானியல் மார்க்ஸுக்கு எழுதிய அந்தக் கடிதங்கள் பிறகு நூலாகவும் வந்தன. கடிதத்தின் ஒரு பக்கம்தான் நமக்குக் கிடைக்கிறது. டானியல் பேசுவது கேட்கிறது, எதிரில் கேட்டவரின் பதிலை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

என்னை உலுக்கியது தேதிகள். 'அடிமைகள்' 1984. 'கானல்' 1986. அந்த வருஷம் மார்ச் 23ஆம் தேதி டானியல் தஞ்சாவூரில் இறந்துபோனார். 'தண்ணீர்' வந்தது 1987. 'பஞ்சகோணங்கள்' 1993. அவர் கண்ணை மூடின பிறகும் நாவல்கள் வந்துகொண்டிருந்தன என்றால் என்ன அர்த்தம்? அச்சாகாத பிரதிகள் யாரோ சிலர் கையில் இருந்தன. அவர்கள் அதைப் படித்து மெச்சிக்கொண்டு அலமாரியில் வைக்கவில்லை. காகிதத்துக்குக் காசு தேடினார்கள், அச்சகத்துக்கு நடந்தார்கள், புரூப் பார்த்தார்கள். மார்க்ஸுடைய அரசியலோடு எனக்கு நிறைய இடத்தில் ஒத்துப்போகாது, தலித்துகளின் சார்பாக யார் பேசுவது என்ற கேள்வியில் 1990களில் நடந்த சண்டை இன்னும் தீரவும் இல்லை. அதைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் டானியல் விஷயத்தில் அவரும் அவருடன் இருந்த தமிழ்நாட்டு நண்பர்களும் செய்தது நான் செய்யாத காரியம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நாவல்கள் எழுதப்பட்ட மொழி தஞ்சாவூர்க்காரருக்குப் புதிது. கமக்காரன், குடிமை, நயினார் என்று வருகிற சொற்களை நாம் தடுக்கித் தடுக்கித்தான் படிக்கிறோம். எங்கள் பக்கத்தில் நைனா என்றால் அப்பா. டானியல் நாவலில் நயினார் என்றால் கும்பிட்டு நிற்க வேண்டிய வெள்ளாளன். முதல்முறை படித்தபோது இந்த ஒரு சொல்லில் எனக்குத் தலை சுற்றியது. இந்தத் தடுக்கல்களையெல்லாம் தமிழ்நாட்டு வாசகனுக்காகச் சமப்படுத்தியிருந்தால் டானியல் என்ன ஆகியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

சமப்படுத்தச் சொன்னவர்கள் உலகம் பூராவும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன், அடிமைக் கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட கொசோலா என்கிற கிழவரிடம் உட்கார்ந்து அவர் கதையை அவர் பேச்சிலேயே எழுதி 1931இல் முடித்தார். வழக்கு மொழியை எடுத்துவிட்டு நல்ல ஆங்கிலத்தில் கொடுத்தால் போடுகிறோம் என்றது ஒரு பதிப்பகம். ஹர்ஸ்டன் மறுத்தார். புத்தகம் வந்தது 2018இல். எழுதினவரும் சொன்னவரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. என் நண்பனுடைய முதல் நோட்டைச் சென்னையில் ஒரு பதிப்பாளரிடம் கொடுத்தோம். பேர் வேண்டாம், நல்லவர்தான். எட்டு மாசம் வைத்திருந்து, "வட்டார வழக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க, உரையாடல்ல மட்டும் இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். செங்கல்பட்டுச் சேரிப் பேச்சு உரையாடலுக்குள் அடங்கி உட்கார வேண்டும், ஆசிரியர் கூற்று மட்டும் ஊர்த் தெருவில் நடக்கலாம் என்று இதற்கு அர்த்தம். கரிசல் வழக்கில் ஆசிரியர் கூற்று வந்தால் மண்வாசனை, எங்கள் பேச்சில் வந்தால் கொச்சை.

இனி நாவலுக்கு வருகிறேன். விமர்சனம் என்று ஆரம்பித்துவிட்டு அந்தப் பிரதியைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அடையாற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் ஏரி. பேர் சொல்லவில்லை, எங்கள் பக்கத்து ஆட்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்த ஒரு தாத்தா. மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணீர் என்று முடிவு பண்ணுவது ஊர், ராத்திரி பூரா வரப்பில் நின்று பாய்ச்சுவது அவர். கூலி களத்தில் அளக்கிற நெல். தண்ணீரை ஊருக்கெல்லாம் பகிர்ந்து கொடுக்கிற கை அது, அந்தக் கையால் ஒரு சொம்பு தண்ணீர் மோந்து கொடுத்தால் வாங்கிக் குடிக்க ஊரில் ஆள் கிடையாது. நண்பன் இந்த முரணை ஓர் இடத்தில்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன். அவன் தாத்தாவுடைய காலைப் பற்றி எழுதிக்கொண்டே போகிறான். சேற்றுப்புண் வந்த விரலிடுக்கு, அதில் வைக்கிற வேப்பெண்ணெய், ராத்திரியில் எந்த மடையில் தண்ணீர் எந்தச் சத்தம் போடும் என்பது. 30 பக்கம் காலும் சத்தமும்தான். படித்து முடித்தபோது என் காலை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு ஆயக்கட்டு நிலம் பிளாட் ஆகிறது, பிளாட் அடுக்குமாடி ஆகிறது. தாத்தாவின் பேரன் அந்த அடுக்குமாடிக்கு செக்யூரிட்டியாகப் போகிறான். வேலை, கேட்டைத் திறந்து மூடுவது. மூன்றாவது நோட்டில் தாத்தா பேரனைப் பார்க்க வருகிற இடம் இருக்கிறது. பேரன் தலைக்குத் தொப்பி பெரிசு. உள்ளே வருகிற யாராக இருந்தாலும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பேர், வண்டி நம்பர், யாரைப் பார்க்க, எதற்கு. பேரன் தாத்தாவையே கேட்டு எழுதுகிறான், மேலே கேமரா இருக்கிறது. வண்டி நம்பர் இல்லை. யாரைப் பார்க்க என்ற இடத்தில் தன் பேரையே எழுதிக்கொள்கிறான். "எதுக்கு வந்தேன்னு போடணும் தாத்தா." கிழவர் யோசித்துவிட்டு, "மூணாம் மதவு இங்கதான் எங்கியோ இருந்துது. தண்ணி பாக்க வந்தேன்னு எயுது" என்கிறார். பேரன் எழுதுகிறான். அவ்வளவுதான் அத்தியாயம்.

2015 டிசம்பர் வெள்ளம் நாலாவது நோட்டில் வருகிறது. செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்துவிட்ட அந்த ராத்திரியை நாம் எல்லோரும் ஏதோ ஒரு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். இதில் அடுக்குமாடிக்காரர்கள் பேரனைக் கூப்பிட்டு, உன் தாத்தாவுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று தெரியுமாமே, கேட்டுச் சொல் என்கிறார்கள். கிழவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். "அது அது வூட்டுக்குத்தான் வந்துக்குது. நாம்பதான் குறுக்க கீறோம்" என்கிறார். அதில் 'நாம்ப' என்ற சொல்தான் என்னைக் கொன்றது. அவருக்கு அங்கே ஒரு சதுர அடி கிடையாது.

இதையெல்லாம் கடிதத்தில் எழுதினேன். எழுதின பாராட்டில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியது வேறு மூன்று இடத்தில் இருக்கிறது.

மூன்றாவது கடிதத்தில் அவனுக்கு ஒரு யோசனை சொன்னேன். நாவல் நடப்பது செங்கல்பட்டுச் சீமை. டிரமென்ஹீர் என்கிற கலெக்டர் 1891இல் அறிக்கை எழுதி, 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்ட சீமை. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது, உன் நாவலில் ஒரு வரி இல்லையே, தாத்தாவின் மகன் காரணைக்குப் போனதாக வைக்கலாமே என்று கேட்டேன். டானியலை உதாரணம் காட்டினேன். போராட்டத்தை நடுவில் வைத்துத்தானே அவர் எழுதினார் என்றேன். பதில் வந்தது: "டானியலு அங்க நின்னாரு, எயுதினாரு. எங்க தாத்தா காரணைக்கு போவல. மதவண்ட நின்னாரு. காரணை உன் கதை. நீ எயுது." நான் காரணைக்குப் பல தடவை போயிருக்கிறேன், நினைவு நாளில் கோஷம் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் எழுதவில்லை. என்னால் எழுத முடியாததை அவன் நாவலுக்குள் சொருகிவிடப் பார்த்திருக்கிறேன். பண்டிதன் இலக்கணத்தோடு வருவான், இயக்கக்காரன் அஜெண்டாவோடு வருவான். ரெண்டு பேருக்கும் பிரதி காலி இடமாகத்தான் தெரியும்.

இரண்டாவது இதைவிட மோசம். முதல் நோட்டில் சேரிக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் வீட்டுக் கிழவி ஒருத்தி வருகிறாள். ராச்சோறு வாங்க வருகிறவளைத் தாத்தா வீட்டு வாசலிலேயே ஒரு பெண் அசிங்கமாகப் பேசி விரட்டுகிற காட்சி. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. இது வேண்டாம், எடுத்துவிடு என்று எழுதினேன். எதிரி கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றேன். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது தலித் வட்டாரத்திலேயே இதே பேச்சு பேசப்பட்டது. சேரிக்குள் இருக்கிற ஒடுக்குமுறையைத்தான் முதலில் எழுத வேண்டுமா என்று கேட்டார்கள். எம்.ஏ. வகுப்பில் அந்த விவாதத்தைப் படித்து, கேட்டவர்கள் தப்பு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவன் நான். நண்பனின் பிரதி கைக்கு வந்ததும் நானே அதைக் கேட்கிறேன். வண்ணார், அம்பட்டர், நளவர், பள்ளர், பறையர் என்கிற ஐந்து பேரையும் பஞ்சமர் என்ற ஒரே சொல்லில் நிறுத்தினவர் டானியல். அந்த ஐந்து பேருக்கு நடுவிலும் படிக்கட்டு இருந்தது சலவைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நண்பன் காட்சியை எடுக்கவில்லை. நாலாவது நோட்டில், வெள்ளத்தன்று, தாத்தாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகிறவர்களில் அந்தக் கிழவியின் மகன் ஒருத்தன். தாத்தா அவன் பேரைக் கேட்கிறார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்கிறார். முதல் நோட்டுக் காட்சியை நான் சொன்னபடி வெட்டியிருந்தால் இந்த இடத்துக்கு உயிர் ஏது?

மூன்றாவது நான் சொல்லாமல் விட்டது. இரண்டாவது நோட்டில் பேரனுடைய கல்லூரிக் காதல் 70 பக்கம் வருகிறது. அது நன்றாக இல்லை. அந்தப் பெண் நடமாடுகிறாள், பேசுகிறாள், ஆளாகவில்லை. அதுவரைக்கும் எங்கள் பேச்சில் ஓடிவந்த நடை அங்கே திடீரென்று சினிமா வசனமாகவும் வாரப்பத்திரிகைத் தமிழாகவும் மாறுகிறது. காதலிக்கும்போது மட்டும் நம் ஆட்கள் ஏன் அடுத்தவன் தமிழில் பேச வேண்டும்? படித்த அன்றைக்கே இது எனக்குத் தோன்றியது. எழுதவில்லை. நம்ம ஆள், முதல் நாவல், மனசு ஒடிஞ்சிடும் என்று நினைத்தேன். வேறொருவர் நாவலாக இருந்தால் கூட்டத்தில் எழுந்து கிழித்திருப்பேன். நண்பனுக்குத் தனித் தம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இதையெல்லாம் ஏன் இங்கே அச்சில் சொல்ல வேண்டும், அவனுக்கு 12ஆவது கடிதமாகப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். ஹேரியட் ஜேக்கப்ஸ் என்றொரு கறுப்பினப் பெண். அடிமையாக இருந்து தப்பினவர். பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பொந்தில் ஏழு வருஷம் ஒளிந்துகிடந்தவர். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிப் புகழ்பெற்ற ஸ்டோவ் அம்மையாரிடம் அவர் கதையைச் சொல்ல முயற்சி நடந்தது. ஸ்டோவ் அதைத் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். உண்மைதானா என்று ஜேக்கப்ஸ் வேலை செய்த வீட்டு எஜமானிக்கே எழுதிக் கேட்டார். ஜேக்கப்ஸுக்குப் பொறுக்கவில்லை. பகலில் அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ராத்திரியில் தானே எழுத உட்கார்ந்தார். எமி போஸ்ட் என்ற தோழிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே எழுதினார். புத்தகம் 1861இல் வேறு பெயரில் வந்தது. அதைச் செப்பனிட்ட வெள்ளைக்கார அம்மாள் எழுதின கற்பனைக் கதை என்றுதான் நூறு வருஷத்துக்கு மேல் பல அறிஞர்கள் நம்பினார்கள். 1981இல் ஜீன் யெல்லின் என்கிற ஆய்வாளர், எமி போஸ்டின் காகிதங்களில் இருந்த ஜேக்கப்ஸின் கடிதங்களை வைத்துத்தான் எழுதினது அவரே என்று நிரூபித்தார்.

தோழி வாங்கி வைத்த கடிதங்கள் எழுத்தாளருக்குச் சாட்சி சொல்லின. என் நண்பன் கேட்டதும் அதைத்தான். தன் நாவல் நன்றாக இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். படித்தவன் ஒருத்தன் நாலு பேர் முன்னால் நின்று, படித்தேன், இது இன்னாருடையது, இந்த இடம் எழுந்து நிற்கிறது, இந்த இடம் படுத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். தன் பெயரை இந்தக் கட்டுரையில் போட வேண்டாம், புத்தகம் வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று அவனே சொல்லிவிட்டதால் விட்டிருக்கிறேன். அந்த 70 பக்கம் பற்றி எழுதினதை அனுப்பிக் காட்டினேன். "இத ரெண்டு வருசம் முன்னாடி சொல்றதுக்கு இன்னா நோவு உனக்கு" என்று ஒரே வரி வந்தது. வேறு கோபம் இல்லை. இரண்டாவது நோட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறான்.

மற்ற மூன்றையும் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆறேழு பக்கம் ஓடுகிறது. மூன்றாவது நோட்டில் தொப்பி பெரிசாக இருக்கிற இடத்தில் நிற்கிறேன். மதகு என்று கை தானாக அடிக்கிறது, நோட்டில் மதவு என்று இருக்கிறது. திரும்பப் போய் மதவு என்று மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.